முழம் போடாத பூ

பூவுக்கு நம் ஊரில் மூன்றே விலாசம்தான். சாமி கழுத்து, பெண்கள் கூந்தல், கடைசி ஊர்வலத்தில் இறைத்துக்கொண்டு போகிற ரோடு. இந்த மூன்றையும் விட்டால் பாவம், அதற்குப் போக்கிடம் கிடையாது.

அளவும் ஒன்றே ஒன்றுதான். முழம்! ஆள் பார்த்துச் சுருங்கும், ஆள் பார்த்து விரியும். பேரம் பேசினீர்களோ, பூக்காரம்மாவின் முழங்கையே அரை அடி குட்டையாகிவிடும். நான் பி.காம். படித்தவள். அளவே நிலையில்லாத சரக்கை எந்தப் பேரேட்டில், எப்படி எழுதுவது என்று எங்கள் காலேஜில் கடைசி வரை சொல்லித் தரவில்லை.

நான் வளர்ப்பது முழம் போடவே முடியாத பூ. காம்போடு வெட்டி, கொத்தாகக் கட்டி, ஒருவர் கையில் கொடுக்கிற பூ. ஸ்டைலாகச் சொன்னால் பொக்கே. நம் பாஷையில் பூச்செண்டு. அதற்கென்றே புறவாசலில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பத்தடிக்கு நாலடியில் ஒரு பாத்தி போட்டிருக்கிறேன்.

'எந்த ஊர் அம்மா உனக்கு?' என்கிறீர்களா? மேலகரம். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு பஸ் ஏறினால், ஜன்னல் சீட் பிடித்து மூச்சு விடுவதற்குள் வந்துவிடும். சீசனுக்கு வருகிற கூட்டம் எங்கள் ஊரைப் பார்ப்பதே இல்லை. அருவி எப்போது தெரியும் என்று மலையையே பார்த்துக்கொண்டு போய்விடும். ஆனால் அந்த மலைக்கும் அருவிக்கும் ஊர் உலகத்தில் பேர் வாங்கிக் கொடுத்த குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்தது மேலகரத்தில்தான். இங்கே பிறந்தவர் பாட்டுக் கட்டினார். இங்கே வாக்கப்பட்டு வந்த நான் பூச்செண்டு கட்டுகிறேன். ஊருக்கு ஏற்ற இறக்கம் சகஜம்தானே!

இந்த ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு கல்யாண ரிசப்ஷன். ஒரு கடையில் நானூற்றைம்பது ரூபாய் கொடுத்து பொக்கே வாங்கிப் போனோம். மணமக்களிடம் கொடுத்தோம். போட்டோ எடுக்க எத்தனை செகண்டு ஆகுமோ அத்தனை செகண்டு அது அவர்கள் கையில் இருந்தது. பிறகு பின்னால் நின்ற ஒரு பையனிடம் போய், அவன் அதை மேடைக்கு அடியில் இருந்த குவியலில் சேர்த்தான். சாப்பிட்டுவிட்டு வரும்போது பார்த்தேன். நாங்கள் கொடுத்த ஜெர்பராக்கள் எல்லாம் தலை தொங்கி, தூக்கம் வந்த பிள்ளைகள் மாதிரிக் கிடந்தன.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பழக்கதோஷம்! ஓசூர்ப் பக்கம் பாலித்தீன் கூடாரத்துக்குள் வளர்ந்து, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஐஸ் மூச்சில் பயணம் செய்து வந்த பூ. அதைக் குத்தி வைக்க ஒரு பச்சை நுரைக்கட்டி. 1954-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த சமாச்சாரம் அது. ஒருவகை பிளாஸ்டிக், லேசில் மக்காது. மேலே பளபளவென்று செல்லோஃபேன் தாள். நானூற்றைம்பதில் பூவுக்குப் போனது எவ்வளவு, புடவைக்குப் போனது எவ்வளவு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் பெரிய பங்களா வைத்திருந்தவர்கள், வீட்டுக்குள் ஜாடியில் வைக்கிற பூவுக்காக, காய்கறித் தோட்டத்தோடு ஒட்டித் தனிப் பாத்தி போடுவார்களாம். வாசல் தோட்டத்தில் கை வைத்தால் மொட்டையாகத் தெரியும் என்று, வெட்டுவதற்கென்றே கொல்லைப்பக்கத்தில் ஒரு பாத்தி. கத்தரிக்காய் மாதிரி வரிசை நடவு. அழகு பார்ப்பதில்லை, அறுவடைதான். பங்களா நமக்கு இல்லை. கொல்லை இருக்கிறதே!

விதை வாங்கினேன். எல்லாம் ஒரு பருவத்துச் செடிகள். முளைத்து, பூத்து, விதை கட்டி, நாலைந்து மாதத்தில் கதையை முடித்துக்கொள்கிற ஜாதி. ஒரு வரிசை கேந்தி (வேறு ஊர்க்காரர்கள் செண்டுமல்லி என்று வாசிக்கவும்), ஒரு வரிசை ஜின்னியா, ஒரு வரிசை வாடாமல்லி, கடைசி வரிசையில் கோழிக்கொண்டையும் காஸ்மாஸும். சுவர் ஓரமாக நாலு சூரியகாந்தி.

'ஜின்னியா' என்றதும் எங்க வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பதறாதீர்கள், ஜின் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் பேராசிரியர், அவர் நினைவாக வைத்த பேர் என்று விளக்கிய பிறகுதான் சமாதானமானார்.

ஒரு வேடிக்கை பாருங்கள். இந்த ஐந்தாறு செடியில் பாதி மெக்சிகோக்காரர்கள். கேந்தி அங்கிருந்து வந்ததுதான். ஜின்னியா, காஸ்மாஸ் எல்லாம் அதே ஊர். நம் சாமிக்கு மாலை, ஆயுத பூஜைக்கு லாரி மூக்கில் தோரணம் என்று கேந்தி இல்லாமல் நமக்கு ஒரு விசேஷம் நடக்காது. மெக்சிகோவிலும் அப்படித்தான். நவம்பர் முதல் வாரத்தில் இறந்துபோன பெரியவர்களுக்குப் படையல் வைக்கும்போது கேந்தியைத்தான் கொட்டிக் குவிக்கிறார்கள். சூரியகாந்தி வட அமெரிக்கப் பூ. அது எங்கள் பக்கம் எவ்வளவு ஊறிவிட்டது என்றால், 'ரோஜா' (1992) படத்தில் கதாநாயகியின் ஊராக வந்த சுந்தரபாண்டியபுரத்துக்கு ஆடி மாதம் போய்ப் பாருங்கள். சூரியகாந்தி வயலுக்குள் கேரளத்துக் கார்கள்தான் அதிகம் பூத்திருக்கும்!

அக்கம்பக்கத்துக்கு இந்தப் பாத்தி பெரிய புதிராகிவிட்டது.

"தலையில வைக்கப் பூவா?"

"இல்லக்கா."

"சாமிக்கா?"

"இல்லக்கா."

"யாவாரத்துக்கா?"

"இல்லக்கா, சும்மா... வெட்டிக் கொத்தாக் கட்டி யாருக்காவது குடுக்க."

"வளத்து வெட்டிக் குடுக்கியா? சரிதான்..." என்று அந்த அக்கா இழுத்த இழுப்பில், எனக்கு நல்ல டாக்டர் யாராவது தெரியுமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

இத்தனை பேர் இத்தனை பேசியபோதும், ஒரு வார்த்தை பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒருவர். எங்க அத்தை. என் மாமியார்.

அத்தையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதல் விஷயம், அவர்கள் பிறந்த ஊர் தோவாளை. நாகர்கோவில் போகிற வழியில், ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வருகிற ஊர். பூ விஷயத்தில் தோவாளை என்பது, பட்டு விஷயத்தில் காஞ்சிபுரம் மாதிரி. விடியுமுன்னே சந்தை கூடிவிடும். அந்த ஊர் மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நூலில் பூவைத் தொடுக்கிற வழக்கமான மாலை இல்லை அது. பூவை மடித்து, பாய் முடைகிற மாதிரி வரிசையாக அடுக்கிக் கட்டுவது. ரத்தினம் பதித்த மாதிரி இருக்கும். அத்தை ஆறு வயதில் பூ கட்டத் தொடங்கியவர்கள். பேசிக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டே கட்டினாலும் பூ ஒன்று மேலே ஒன்று கீழே போகாதாம். கல்யாணமாகி மேலகரம் வந்த புதிதில் தெருப் பெண்கள் எல்லாம் உதிரிப் பூவைக் கொண்டுவந்து இவர்கள் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள் என்று கேள்வி.

'கேள்வி' என்று நான் சொல்வதற்குக் காரணம்தான் இரண்டாவது விஷயம். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே மாமா காலமாகிவிட்டார்கள். இப்போது பதினோரு வருஷம் ஆகிறது. அன்றோடு அத்தை பூவைத் தொடுவதை விட்டார்கள். தலையில் வைப்பதை மட்டும் சொல்லவில்லை. கட்டுவதையும்தான். தோவாளையில் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் பூக் கட்டித்தான் பிழைக்கிறார்கள். கட்டுகிற கைக்கு அங்கே விலக்கு கிடையாது. இது அத்தை தனக்குத்தானே போட்டுக்கொண்ட பூட்டு. சாமி படத்துக்குக்கூட நான்தான் வைக்க வேண்டும்.

வளைகாப்பு வீட்டில் கவனித்திருக்கிறேன். தாம்பாளத்தில் பூ வரும். ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு வருகிற கை, அத்தையின் நாற்காலி வந்ததும் ஒரு சின்ன வளைவு எடுத்து அடுத்த நாற்காலிக்குப் போய்விடும். கொடுக்கிற பெண்ணுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. சொல்லப்போனால், அவள் முகத்தில் ஒரு சங்கடம்தான் இருக்கும். அத்தையும் அந்த நேரம் பார்த்து முந்தானை முடிச்சில் எதையோ தேட ஆரம்பிப்பார்கள். தாம்பாளம் தாண்டியதும் தேடின பொருள் கிடைத்துவிடும்.

அப்படிப்பட்டவர்கள் என் பாத்தியைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் சும்மா இருந்ததே பெரிய விஷயம்.

வைகாசிக் கடைசியில் விதைத்தேன். ஜின்னியா நாலைந்து நாளில் முளைத்துவிட்டது. ஆனி பிறந்ததும் சாரல். எங்கள் ஊர்ச் சாரலைப் பற்றிப் பாட்டெல்லாம் உண்டு. கூடவே வருகிற காற்றைப் பற்றி யாரும் பாடவில்லை. குடையைப் பிடித்தால் குடை நம்மைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். பாத்தியில் செடிகள் எல்லாம் கிழக்குப் பார்த்துக் கும்பிட்டு நின்றன. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி நட்டுக்கொண்டிருந்தேன்.

திண்ணையிலிருந்து குரல் வந்தது.

"மக்ளே, ஒண்ணொண்ணுக்கும் கம்பு நட்டா எப்ப முடிக்கது? நாலு மூலைக்கு நாலு கம்பு அடி. சணல குறுக்க மறுக்க வலை மாதிரி இழு. செடி அதுக்குள்ளால ஏறி வந்து தானே நிக்கும். எங்க ஆரல்வாமொழி காத்துக்கு முன்னால இதெல்லாம் ஒரு காத்தா?"

ஆரல்வாய்மொழிக் காற்றோடு எங்கள் காற்றுக்குப் போட்டியே இல்லைதான். முப்பந்தலில் காற்றாலைகள் காடு மாதிரி நிற்பது அந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தானே! சணல் வலை போட்டேன். ஒரு செடி சாயவில்லை.

அடுத்த வாரம் அடுத்த உத்தரவு.

"நுனியக் கிள்ளு."

ஒரு சாண் வளர்ந்து, நாலு ஜோடி இலை விட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிற செடி. அதன் கொழுந்தைக் கிள்ளச் சொன்னால் மனசு வருமா?

"தல போனாத்தான் நாலு கை வரும், கேட்டியா?"

கிள்ளினேன். நிஜமாகவே பத்து நாளில் பக்கத்துக்குப் பக்கம் கிளை விட்டது. உச்சிக் கொழுந்து இருக்கிற வரைக்கும் அது சுரக்கிற ஒரு ரசம் பக்கத்து மொட்டுகளைத் தலையெடுக்க விடாது. கூட்டுக் குடும்பத்தில் மூத்த மாப்பிள்ளை மாதிரி. அதை நீக்கியதும் மற்றதெல்லாம் எழும்பும். கேந்தி, ஜின்னியா, காஸ்மாஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒற்றைத் தண்டு சூரியகாந்தியை மட்டும் கிள்ளக்கூடாது. அதற்கு ஒரே தலைதான். கிள்ளினால் தீர்ந்தது கதை.

விதைத்து இரண்டு மாதத்துக்குள் பாத்தி பற்றிக்கொண்டது மாதிரிப் பூத்தது. ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ், கத்தரிப்பூ நிறம். 'வெட்டி யாருக்குக் கொடுக்கப் போறா?' என்று கேட்டவர்களே வந்து நின்று பார்த்தார்கள். "அய்யோ, வெட்டாத! செடியிலயே இருக்கட்டும், பாக்க எம்புட்டு அழகா இருக்கு!" என்றார்கள்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். செடியிலேயே இருக்கட்டும் என்று விட்டால் என்ன ஆகும் தெரியுமா? இந்த ஒரு பருவச் செடிகளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வேலைதான்: விதை கட்டுவது. பூ முற்றி விதை விழுந்துவிட்டால், 'அப்பாடா, கடமை முடிந்தது' என்று செடி காய ஆரம்பித்துவிடும். வெட்டிவிட்டோம் என்றால் அதற்கு வேலை பாக்கி. மறுபடி மொட்டு விடும். மறுபடி வெட்டினால் மறுபடி. வெட்ட வெட்டத்தான் பூ. கட்டிக் காப்பாற்றினால் நாலு வாரத்தில் காய்ந்த குச்சி.

ஆனால் வெட்டுவதற்கும் நேரம் காலம் உண்டு. காலையில் ஏழு மணிக்குள், செடியில் ராத்திரித் தண்ணீர் இருக்கும்போதே வெட்ட வேண்டும். கையோடு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய், வெட்டின காம்பை அந்த நிமிஷமே அதில் முக்கிவிட வேண்டும். தண்ணீருக்குள் போகிற பகுதியில் ஒரு இலைகூட இருக்கக்கூடாது. இருந்தால் அழுகி நாறும், கேந்தி இலை என்றால் கேட்கவே வேண்டாம். ஜின்னியாவுக்கு ஒரு சோதனை: பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தலை தளதளவென்று ஆடினால் இன்னும் பிஞ்சு, வெட்டினால் தொங்கிவிடும். விறைப்பாக நின்றால் வெட்டலாம். சூரியகாந்தி இதழ் விரிய ஆரம்பித்த அன்றே வெட்டிவிடுங்கள்.

ஜாடித் தண்ணீருக்கும் பக்குவம் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, துணி வெளுக்கிற ப்ளீச் இரண்டு மூன்று சொட்டு. சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு. எலுமிச்சைப் புளிப்பு இருந்தால் காம்பு தண்ணீரைச் சுலபமாக உறிஞ்சும். ப்ளீச் கிருமியைக் கொல்லும். இல்லாவிட்டால் கிருமி பெருகிக் காம்பை அடைத்துவிடும். எலுமிச்சைக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. இந்த மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைக்கும் 2025-ல் புவிசார் குறியீடு வந்தாச்சு! இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி, காம்பின் நுனியைச் சாய்வாக ஒரு விரற்கடை வெட்டிவிட்டால் ஒரு வாரத்துக்குக் குறையாது. ஒன்றே ஒன்று: ஜாடியை வாழைத்தாருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கிற பழம் எத்திலீன் என்று ஒரு வாயுவை விடும். வாழையைப் பழுக்க வைக்கிற அதே வாயு, பல பூக்களைச் சீக்கிரம் கிழவியாக்கிவிடும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மகளின் கிளாஸ் டீச்சர் ரிட்டையர் ஆனார். முதல் செண்டு அவருக்கு என்று முடிவு. காலையில் வெட்டினேன். நடுவில் மூன்று சூரியகாந்தி, சுற்றிலும் ஜின்னியா, இடைஇடையே வாடாமல்லி, ஓரத்தில் பச்சைக்குத் துளசியும் மருக்கொழுந்தும். பிடிக்கும்போது அழகாக இருக்கும், கையை விட்டால் சரியும். எங்க வீட்டுக்காரர் உதவிக்கு வந்தார். அவர் வைத்திருப்பது பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பழைய டியூபைக் குறுக்கே வெட்டின ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினார். "பஞ்சரே ஆகாது!" என்று உத்தரவாதமும் கொடுத்தார்.

அத்தை எழுந்து வந்தார்கள்.

அந்தக் கறுப்பு ரப்பரைப் பார்த்த பார்வை இருக்கிறதே... ஆறு வயதிலிருந்து பழகின கை எத்தனை நாள்தான் பொறுக்கும்?

"சீ, எடு அத! பூவுக்கு டியூப் மாட்டியிருக்கான் பாரு!"

ரப்பரைப் பிடுங்கி எறிந்தார்கள். புறவாசல் வாழையிலிருந்து ஒரு நார் கிழித்துவரச் சொன்னார்கள். நனைத்தார்கள். மொத்தத்தையும் கலைத்துப்போட்டு, முதலில் ஒரு சூரியகாந்தியை இடது கையில் பிடித்தார்கள். அடுத்த காம்பை அதன் மேல் சாய்வாக வைத்தார்கள். அடுத்ததை அதற்கும் மேல், அதே பக்கச் சாய்வில். ஒவ்வொரு காம்பு வைக்கும்போதும் கையிலிருந்த கொத்தை ஒரு திருப்புத் திருப்பினார்கள். காம்புகள் எல்லாம் கீழே முறுக்கின கயிறு மாதிரி விரிந்து நின்றன. நாரால் ஒரே ஒரு கட்டு. மேஜையில் நிறுத்தினார்கள். பிடிக்காமலே நின்றது!

வெளிநாட்டில் பூ அலங்காரம் படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இந்தச் சுருள் கட்டுத்தான் என்று பிற்பாடு படித்தேன். அத்தைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பூவின் கனம் எந்தப் பக்கம் சாயும் என்று விரலுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"கொள்ளாம்" என்றார்கள். நாஞ்சில் நாட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. பிறகு கையைப் பார்த்தார்கள். துளசி வாசனை. முந்தானையில் துடைக்கப் போய், துடைக்காமலே உள்ளே போய்விட்டார்கள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. எங்க வீட்டுக்காரர் டியூப் வளையத்தைத் தேடுகிற சாக்கில் குனிந்தே இருந்தார்.

அதற்கப்புறம் கட்டுவது அத்தை இலாகா, வெட்டுவது நான், டெலிவரி எங்க வீட்டுக்காரர். ஒரு நாள் பேச்சுவாக்கில் அவர்களுக்கு ஹாலந்து நாட்டு ஆல்ஸ்மீர் ஏலத்தைப் பற்றிச் சொன்னேன். உலகத்திலேயே பெரிய பூச்சந்தை. அங்கே ஏலம் உச்ச விலையில் ஆரம்பித்துக் கீழே இறங்கிக்கொண்டே வரும். முதலில் பட்டனை அமுக்குகிறவருக்குச் சரக்கு.

"வெல எறங்குமா?" என்று சிரித்தார்கள். "அப்ப அவன் தை மாசத்து முகூர்த்த நாளப் பாத்ததில்ல!"

ஆவணி வாக்கில்தான் அந்த விஷயம் நடந்தது. அத்தைக்கு ஒரு சிநேகிதி. எழுபது வயசு. அவர்களும் கணவரை இழந்தவர்கள்தான். வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆகி, படுக்கையில் இருந்தார்கள். பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸ், ஆப்பிள் என்று வழக்கமான சாமான்களோடு கிளம்பினேன். அத்தை ஒரு செண்டு கட்டிக் கையில் வைத்திருந்தார்கள். கேந்தியே இல்லாமல், வெள்ளையும் ரோஸுமாக.

அந்த அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். அத்தை நீட்டினார்கள். அவர்கள் கை உடனே வரவில்லை. மருமகள் இருக்கிறாளா என்று வாசல் பக்கம் ஒரு பார்வை. பிறகு மெதுவாக,

"நான் தொடலாமா?" என்றார்கள்.

அத்தை சொன்ன பதில்: "இதுல என்ன இருக்கு? இது தலைக்கு உள்ளதில்ல. கைக்கு உள்ளதாக்கும்."

அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஜின்னியாவின் இதழை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கிளம்பும் வரைக்கும் கீழே வைக்கவில்லை.

சரம் என்று வந்தால் ஆயிரம் சட்டம். யார் வைக்கலாம், யார் வைக்கக்கூடாது, எந்த நாளில், எந்தப் பூ, யார் கையால் வாங்கலாம். செண்டுக்கு நம் முன்னோர்கள் சட்டம் எழுதவில்லை. ஏனோ விட்டுப்போச்சு! அந்த ஓட்டையில்தான் நாங்கள் நுழைந்துகொண்டிருக்கிறோம். சட்டத்தையே மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 2022 மே மாதம் மகாராஷ்டிராவில், கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்கிற கிராமம், கணவன் இறந்ததும் பொட்டை அழிப்பது, வளையலை உடைப்பது, தாலியை அறுப்பது எல்லாம் இனிமேல் கூடாது என்று கிராமசபையில் தீர்மானம் போட்டது. அந்த மாநில அரசும் மற்ற ஊர்கள் இதைப் பின்பற்றட்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. மேலகரத்தில் தீர்மானம் ஏதும் போடவில்லை. ஒரு பாத்தி போட்டிருக்கிறது.

இப்போது கணக்கு. பி.காம். படித்துவிட்டு ஐந்தொகை காட்டாமல் முடித்தால் டிகிரிக்கே அவமானம்.

செலவு: விதை நூற்றெண்பது, தொழுவுரம் ஒரு சாக்கு நூறு, சணல் நாற்பது. ஆக முந்நூற்று இருபது. கம்பும் வாழைநாரும் வீட்டுச் சரக்கு. வரவு: ஆடி, ஆவணி இரண்டு மாதத்தில் இருபத்துமூன்று செண்டு. ரிட்டையர் ஆன டீச்சர், பத்து வருஷமாக ஒரே நேரத்தில் பால் ஊற்றுகிற அண்ணாச்சி, பக்கத்துத் தெருவில் முதல் பிரசவமான பெண், அவளைவிட அதிகமாகத் தூங்காமல் கிடந்த அவள் அம்மா... அண்ணாச்சி செண்டை வாங்கிக்கொண்டு, "இத என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார். "ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணாச்சி, வச்சுப் பாருங்க" என்றேன். பால் கேனில் செருகிக்கொண்டு போனார். அன்றைக்கு அந்தத் தெரு முழுக்க கேனைத்தான் பார்த்தது.

"வரவுப் பக்கம் பைசாவைக் காணோமே?" என்றார் எங்க வீட்டுக்காரர்.

"குட்வில்!" என்றேன். கண்ணுக்குத் தெரியாத சொத்து. விலை கொடுத்து வாங்கினால்தான் ஐந்தொகையில் எழுதலாம், நாமே சம்பாதித்ததை எழுதக்கூடாது என்கிறது புத்தகம். இருந்தாலும் எழுதிவிட்டேன்!

பாத்தியை இப்போது கொத்திப் போட்டாச்சு. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு இந்தச் செடிகள் தாங்காது. மார்கழியில் மறுபடி விதைத்தால் மாசியில் பூக்கும். இந்த முறை விதை வாங்குகிற செலவும் குறைவு. கேந்தி மட்டும் ஒட்டு ரகம் என்பதால் அதன் விதையை நம்ப முடியாது. தாயைப் போலப் பிள்ளை வராது. மற்றதெல்லாம் வீட்டு விதை. அத்தை நன்றாக முற்றின பூவாகப் பார்த்து உதிர்த்து, நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அலமாரியில் வரிசையாக இருக்கிறது. 'ஜின்னியா' என்று லேபிள் ஒட்டினேன். எங்க வீட்டுக்காரரின் நண்பர்கள் வரும்போது மட்டும் அந்த பாட்டிலைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் நாலடி மண் இருந்தால் நீங்களும் போட்டுப் பாருங்கள். மண் இல்லையா, மொட்டை மாடியில் பழைய பிளாஸ்டிக் வாளி நாலு போதும். பூத்ததும் முதல் செண்டை யாருக்குக் கொடுப்பது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். அடுத்த விசேஷ வீட்டில் பூத்தாம்பாளம் எந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று மட்டும் கவனியுங்கள். விலாசம் கிடைத்துவிடும்.